இயந்திரத்துக்கு நாங்கள் சொல்லாத ஊர்

போன மாதம் உங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கு என்னையும் அழைத்து முன் வரிசையில் இருத்தினீர்கள். உங்களில் ஒருவர் கைப்பேசியை எடுத்து, ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குக் உவர்நீரில் வேரூன்றி வளரும் கண்டல் தாவரங்களைப் பற்றி ஒரு பாடம் தயாரித்துத் தரும்படி செயற்கை நுண்ணறிவிடம் கேட்டார். எனக்குத் தந்த தேநீர் ஆறுவதற்குள் பாடம் வந்துவிட்டது. குறிக்கோள், செயற்பாடு, மதிப்பீட்டு வினா என்று ஒன்றும் விடுபடவில்லை. மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். அப்படி ஒரு பாடக்குறிப்பு எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும்.

பிறகு ஒலிவாங்கியை என் கையில் தந்து, "மிஸ், உங்கட காலத்தில இதெல்லாம் இல்லத்தானே?" என்று கேட்டீர்கள். சிரித்துச் சமாளித்துவிட்டேன். இருந்தது என்று சொல்லத் தொடங்கியிருந்தால் உங்கள் மத்தியானச் சாப்பாடு தவறியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நல்ல நினைவுகளைக் கேட்டு வந்தவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுனாமி வந்தபோது நான் கல்வி வலயத்தில் சுற்றாடல் கல்விக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகராக இருந்தேன். கல்லடியிலிருந்து குருக்கள்மடம் தாண்டியும் கரையோரப் பிள்ளைகள் பலர் கூடாரத்துக்குள் படித்தார்கள். அலைக்கு அடுத்த வருடம் மட்டக்களப்புக்கு வராத நிறுவனம் இல்லை. ஒன்று வர்ணப் பென்சில் கொண்டுவந்தது. ஒன்று சவுக்கங்கன்று கொண்டுவந்தது. ஒன்று பிள்ளைகளைச் சுற்றி இருத்தி அழச் சொன்னது. ஒரு நிறுவனம் மட்டும் மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தது. அதோடு வந்தவர் நிரஞ்சன். கொழும்பில் வளர்ந்து வெளிநாட்டில் படித்த இளம் பொறியியலாளர். நல்ல பிள்ளை. அவரைப் பற்றி எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

அவர் கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். ஆகாயத்திலிருந்து எடுத்தது. எங்கள் வாவி ஒரு கறுத்த நாடா மாதிரிக் கிடந்தது.

"மிஸ், இதில பச்சையா இருக்கிறது கண்டலா, வயலா, பனையா எண்டு மெஷினுக்குத் தெரியாது. பிள்ளைகள் அந்தந்த இடத்தில போய் நிண்டு இந்த மஞ்சள் பெட்டிய அமத்தணும். இது கண்டல், இது வயல் எண்டு பதியணும். கொஞ்சம் சொல்லிக் குடுத்தாப் போதும். மிச்சத்த அது தானே படிச்சிரும்."

"பிள்ளைகள் போகாத இடத்தையுமா?"

"ஓம் மிஸ். அதுதான் அதிட கெட்டித்தனம்."

மஞ்சள் பெட்டி என்றது ஜீ.பீ.எஸ். கருவியை. நிற்கிற இடத்தை ஆகாயத்தைக் கேட்டுச் சொல்லும் சாமான். இன்றைக்கு உங்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பைக்குள்ளும் அது இருக்கிறது. அப்போது எங்கள் வலயத்துக்கே மொத்தம் ஐந்தாறுதான் வந்தன.

கல்லடியில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அலைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் முகம் திருப்பாமல் இருந்தார்கள். கடலை விடுங்கள், வாவிக்கரைக்குக்கூட வரமாட்டார்கள். பெட்டியைக் கையில் கொடுத்ததும் வந்தார்கள். இயந்திரத்துக்குத் தாங்கள் படிப்பிக்கப்போகிறோம் என்பது அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "இது ஒண்டும் தெரியாத மொக்கு மாணவன் மிஸ்" என்று ஒருத்தி சொன்னாள். சேற்றில் முழங்கால் வரை இறங்கி, கண்டல் வேரைத் தொட்டுப் பார்த்துப் பெட்டியை அமத்தினார்கள். நான் வேலை பார்த்த காலத்திலேயே அவ்வளவு நல்ல சுற்றாடல் பாடம் நடந்ததில்லை.

முதல் தடவை நிரஞ்சன் படத்துக்கு நிறமூட்டிக் காட்டியபோது கூடாரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் கணினியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கண்டல் கடும்பச்சை, வயல் இளம்பச்சை, கடற்கரை மணல் மஞ்சள். கொஞ்ச நேரம் ஊரைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். பிறகு சத்தம் நின்றது. மொக்கு மாணவன் என்று சொன்ன பிள்ளை விரலால் ஒரு மஞ்சள் துண்டைத் தொட்டாள்.

"இது கடற்கரை இல்ல மிஸ். இது எங்கட வீடு."

வீடு என்று அங்கே எதுவும் இல்லை. அலை கொண்டுவந்த மணலுக்குள் அத்திவாரம் மட்டும் கிடந்தது. மேலிருந்து பார்த்த இயந்திரத்துக்கு மணல் மணல்தான். நிரஞ்சன்தான் முழங்கால் மடக்கி இருந்து அந்தப் பிள்ளையிடம் சொன்னார்:

"அப்ப அதுக்குப் பிழையாத் தெரிஞ்சிரிக்கு. நாளைக்கு நீங்க அங்க போய் நிண்டு, வீடு எண்டு பதியுங்க. நான் திரும்பப் படிப்பிக்கிறன்."

அடுத்த நாள் பிள்ளைகள் அலைக்குப் பிறகு முதல் முறையாகத் தங்கள் வீடு இருந்த வளவுகளுக்குப் போனார்கள். ஒவ்வொருவராய்ப் படிக்கட்டில், அத்திவாரத்தில் ஏறி நின்று 'வீடு' என்று பதிந்தார்கள். படம் மாறியது. மஞ்சளுக்குள் சிவப்புச் சதுரங்கள் வந்தன. அதைப் பார்த்துத் தகப்பன்மார் அழுதார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த இயந்திரத்துக்கு அறிவு இல்லை என்றோ அது தீமை என்றோ நான் சொல்வதாக நீங்கள் எடுத்துவிடக் கூடாது. அது திருந்தக்கூடியது. திருத்துவதற்கு அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருடம் முடிய, போர்நிறுத்தம் தந்த சமாதானம் எங்கள் பக்கத்தில் உக்கத் தொடங்கியது. முதலில் ஆட்கள் காணாமல் போனார்கள். பிறகு பாதைகள் மூடின. கொழும்பில் இருந்த நிறுவனக்காரருக்கு இது விளங்கவில்லை, அல்லது விளங்கியும் வேலை முடிய வேண்டியிருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பதிவுகளும் வடக்கே வாகரை, கதிரவெளிப் பக்கத்துப் பதிவுகளும் வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார்கள்.

அடுத்த வருடம் படுவான்கரைக்கு நானே இரண்டு பெட்டியோடு போனேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதிபர் ஒரு அம்மா. என்னை ஆசிரியத் தொழிலுக்கு இழுத்துவந்தவர். அவருடைய பெயரை எழுதினால் கோபிப்பார். பெட்டியை மேசையில் வைத்துத் திட்டத்தை விளக்கினேன். வயல்வெளி எப்படிப் படத்தில் வரும், பிள்ளைகள் எவ்வளவு ஆசையாய்ச் செய்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"இந்தப் பெட்டி என்ன புள்ள சொல்லும்?"

"நிக்கிற இடத்தச் சரியாச் சொல்லும் மிஸ்."

"ஆருக்குச் சொல்லும்?"

அவர் பெட்டியை என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"பற்றைக்குள்ள போற ஒத்தையடிப் பாதையெல்லாம் எங்கட புள்ளயளுக்குத் தெரியும். அது அதுகள்ட மண்டைக்குள்ள இரிக்கிற வரைக்கும் ஒரு கரைச்சலுமில்ல. கொண்டு போ புள்ள இத."

கொண்டு போனேன். வழி நெடுக அவரோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனேன். பழைய காலத்து ஆள், எல்லாவற்றுக்கும் பயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கதிரவெளிப் பக்கம் வேறு கதை. அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தயாளன் மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்தார். ஊர்க்காரர், மீன்பிடிக்கிற குடும்பம், கஜு என்கிற முந்திரித் தோட்டமும் கொஞ்சம் இருந்தது. பயிற்சிக்கு அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வருவார். சட்டையெல்லாம் செம்புழுதியாய்த்தான் வந்து இறங்குவார். "எங்கட ஊரையும் போடுங்க மிஸ். நாங்க இரிக்கிறம் எண்டு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இரண்டு பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை பிள்ளைகளோடு இறங்குவதாகச் சொல்லிப் போனார்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை பின்னேரம் என் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வருடம் மட்டக்களப்பில் பக்கங்கள் பல. எல்லாரிடமும் குண்டு ஏற்றிய துவக்கு இருந்தது. இளையவன் மரியாதையாகப் பேசினான்.

"மிஸ், பிள்ளைகள் நல்ல வேலை ஒண்டு செய்யிறாங்களாம். நாங்களும் ஒருக்காப் பாப்பமே."

கணினி மேசையில்தான் இருந்தது. மறுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். திறந்தேன். கல்லடிக் கரையைக் காட்டினேன். அவன் கடும்பச்சையில் விரலை வைத்தான்.

"இது?"

"கண்டல் காடு தம்பி."

"ஒரு வள்ளத்த விட்டா வெளியில தெரியாதோ?"

"புள்ளைகள் நண்டு பாக்கப் போற இடம். நான் வள்ளம் விட்டுப் பாக்கல்ல."

மூத்தவன் சிரித்தான். இளையவன் சிரிக்கவில்லை.

"வாகரைப் பக்கம் எங்க மிஸ்? கதிரவெளி?"

"அது இல்ல."

"எப்ப வரும்?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. வரும் என்றால் வரும் வரை காத்திருப்பார்கள். செய்யமாட்டோம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். "அந்தப் பக்கத்துப் பெட்டி ரெண்டும் பழுது. கொழும்புக்கு அனுப்பியாச்சு" என்றேன்.

"அப்ப திருத்தி வந்தாச் சொல்லுங்க" என்றான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்கள். 'ஆருக்குச் சொல்லும்?' என்று அந்த அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கதிரவெளிக்குத் தொலைபேசி எடுபடவில்லை. திங்கட்கிழமை ஒன்பதாம் தரப் பிள்ளைகள் கையில் பெட்டியோடு கண்டலுக்குள் நிற்பார்கள். ஒரு பக்கத்தான் கண்டால் மற்றப் பக்கத்துக்கு வேவு பார்க்கிறார்கள் என்பான். மற்றப் பக்கத்தான் கண்டாலும் அதையேதான் சொல்வான். வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறினேன். பையில் பாடப்புத்தகமும் சோற்றுப் பார்சலும் மட்டும்தான்.

தயாளன் மாஸ்டர் என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். திங்கட்கிழமை ஆரம்பத்துக்குத்தான் முன்கூட்டியே வந்திருக்கிறேன் என்று நினைத்தார். பிள்ளைகளைக் கூப்பிடப் போனார். நான் தடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"வந்தவங்கள் ஆர் எண்டும் தெரியாது. திரும்ப வருவாங்களா எண்டும் தெரியாது. அதுக்குள்ள நிப்பாட்டுறீங்களா மிஸ்?"

"ஓம். நிப்பாட்டுறன்."

"எங்கட ஊர ஒரு படத்திலயும் ஒழுங்காப் போட்டதில்ல. ரோட்டையும் போடல்ல, கரண்டையும் போடல்ல. இப்பதான் எங்கட புள்ளயளே போடப் போகுதுகள். அதையும் வேணாமெண்டுறீங்க. கல்லடிப் புள்ளயளுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?"

"உங்கட புள்ளயள் கண்டலுக்க நிண்டு அந்தப் பெட்டிய அமத்தினா என்ன நடக்கும் மாஸ்டர்? எனக்குச் சொல்லுங்க. நான் வீட்ட போய்ப் படுக்கலாமா?"

அவர் களப்புப் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"படத்தில இல்லாத ஊருக்கு மறுகா ஆர் மிஸ் பொறுப்பு?"

ஊர் எப்படியும் இருக்கும், பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று ஏதோ சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரவும் முடியாது, பையில் வைத்துச் சாவடி தாண்டவும் முடியாது. தயாளன் மாஸ்டர் இரண்டையும் எடுத்து, கல்லால் குத்தி உடைத்தார். அவர் குத்திய விதத்தில் என் மேல் இருந்த கோபமும் தெரிந்தது. களப்பின் ஆழமான பக்கம் நடந்துபோய் எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "சாப்பிட்டிட்டுப் போங்க மிஸ்" என்றார். சாப்பிட்டேன். அன்றைக்கு அவர் வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

நிரஞ்சனுக்குத் தொலைபேசியில் விஷயத்தை மறைமுகமாகத்தான் சொல்ல முடிந்தது. அவருக்கு விளங்கியது. "பிள்ளைகள இறக்க வேணாம் மிஸ். மற்ற இடத்தில படிச்சத வச்சு மெஷின் வடக்கையும் தானே ஊகிக்கும்" என்றார்.

"சரியா ஊகிக்குமா?"

"சில இடத்தில பிழைக்கும். நேரில பாக்கல்ல எண்டு படத்தில கட்டாயம் எழுதிவிடுறன்."

படம் முடிந்து வந்தபோது சொன்னபடி எழுதியும் இருந்தார். படத்தின் மூலையில், வடக்குப் பகுதி நேரில் பார்க்கப்படாதது, ஊகம் மட்டுமே என்று ஒரு வரி இருந்தது. நானே பார்த்தேன்.

அந்த வருடம் முடிவதற்குள் கதிரவெளிப் பக்கம் மனிதர் இருக்க முடியாத இடமாய்ப் போயிற்று. சனம் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தது. எல்லாரும் வந்து சேரவில்லை. தயாளன் மாஸ்டரை முகாம் ஒன்றில் கண்டேன். தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளை இருத்திப் படிப்பித்துக்கொண்டிருந்தார். "எழுத வெண்கட்டி இரிக்கா மிஸ்?" என்றுதான் கேட்டார். பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த ஒன்பதாம் தரத்தில் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று கண்ணால் தேடினேன். வாயால் கேட்கத் துணியவில்லை.

ஊர் வெறுமையாய்க் கிடந்த அந்தக் காலத்தில்தான் வடக்குப் பகுதிக்குப் புதிய ஆகாயப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. வேலிகள் விழுந்து, கஜுவுக்கும் தென்னைக்கும் கீழே பற்றையும் புதரும் ஏறி, கூரைகள் இல்லாமல் கிடந்த ஊர். இயந்திரம் அதைப் பார்த்தது. தெற்கே வாவியோரம் எங்கள் பிள்ளைகள் 'உவர்நிலப் பற்றை' என்று காட்டிக்கொடுத்த சாம்பல் பச்சை அதற்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே நிறம். அப்படியே தீட்டிவிட்டது. சிவப்புச் சதுரம் ஒன்றுகூட இல்லை.

போர் முடிந்த பிறகு வந்த அபிவிருத்திக் கூட்டங்களை நீங்கள் அறியமாட்டீர்கள். எல்லாம் பசுமை, எல்லாம் நிலைபேறு. கதிரவெளிப் பக்கம் மனிதர் கால்படாத ஒரு புதர்நிலம் இருக்கிறதாம், அதை இயற்கைக் கல்விப் பூங்காவாக்கினால் மாணவர்களுக்கு எவ்வளவு பிரயோசனம் என்று ஒரு குழு தீர்மானித்தது. ஆசிரியர் வழிகாட்டி ஒன்றும் அச்சாகி வந்தது. வழவழப்பான தாள். நடுப்பக்கத்தில் எங்கள் படம். அதன் கீழே ஒரு வசனம்: 'நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் இங்கு மனிதர் குடியேறவில்லை.' மூலையில் இருந்த வரியைத் தேடினேன். பக்கத்தை அழகாக்கியவர்கள் அந்த ஓரத்தை வெட்டியிருந்தார்கள். நிரஞ்சன் அப்போது நாட்டிலேயே இல்லை.

அந்த வழிகாட்டியை அறிமுகப்படுத்தும் பயிற்சி நகரத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். தமிழில் நன்றாகப் பேசக்கூடியவர். படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார். வலயத்து ஆசிரியர்கள் எல்லாரும் இருந்தோம். மீளக்குடியேறிப் போயிருந்த தயாளன் மாஸ்டரும் பின் வரிசையில் இருந்தார். அவர் எழும்பினார்.

"சேர், அந்த இடத்திலதான் நான் பிறந்தன்."

நிபுணர் புன்னகைத்தார். "மாஸ்டர், இது செய்மதிப் படம். கணினி பகுத்தது. அதுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தயாளன் மாஸ்டர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஸுக்குத் தெரியும். சொல்லுங்க மிஸ்."

எழும்பினேன். மண்டபத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பின் கதவோரம் எப்போதும் நமக்குத் தெரியாத இரண்டொருவர் நிற்பார்கள். ஆனாலும் சொன்னேன். அந்தப் பகுதியில் ஒருவரும் நின்று பதியவில்லை, இயந்திரம் ஊகித்த நிறம் அது, வேண்டாம் என்று தடுத்தவள் நான்தான் என்றேன்.

"ஏன் தடுத்தீங்க?"

"அண்டைக்கு அங்க அந்தப் பெட்டியோட நிண்டிருந்தாப் புள்ளைகளக் கொண்டிருப்பாங்க சேர்."

நிபுணர் கையில் இருந்த பேனாவை மூடினார்.

"இது கல்விக் கருத்தரங்கு மிஸ். அரசியல் வேண்டாம்" என்றார். அடுத்த படத்துக்குப் போனார். அது ஒரு பறவை. தேநீர் இடைவேளையில் என்னோடு யாரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பயிற்சிக்கும் என்னைப் பாடம் நடத்தும் வளவாளராய்க் கூப்பிடவுமில்லை.

நான் தடுத்தது பிழையா என்று நீங்கள் கேட்கலாம். எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். பிழை இல்லை. அதே வியாழக்கிழமை திரும்ப வந்தால் அதே பஸ்ஸில்தான் ஏறுவேன். ஆனால் நாங்கள் உயிருக்குப் பயந்து மூடிய வாயை, அங்கே சொல்வதற்கு எதுவும் இல்லை என்று வாசித்தார்களே, அந்தக் கசப்பு மட்டும் இறங்கவில்லை. இயந்திரத்தில் எனக்குக் கோபம் இல்லை. அதற்குத் தெரியாது. தெரியாது என்று அதன் ஓரத்தில் எழுதியிருந்ததை வெட்டியவர்களுக்குக் கண் இருந்தது.

உங்கள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, என் மகளுடைய கைப்பேசியில் அந்தப் பக்கத்து நிலத்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். உவர்ப்பு நீர், குடியேற்றம் இல்லை என்று அதே வசனத்தை நல்ல தமிழில் சொன்னது. எங்கேயோ அந்த வழிகாட்டியைப் படித்திருக்கிறது. நாளைக்கு உங்களில் ஒருவர் அதைக் கேட்டுப் பாடம் தயாரிப்பீர்கள். தயாரியுங்கள். ஆனால் வகுப்புக்குள் போக முன், இந்த இடத்தில் யார் நின்று பார்த்தார், பார்க்காமல் விட்டிருந்தால் ஏன் விட்டார் என்று கேளுங்கள். அதற்கு அதனிடம் பதில் இருக்காது. பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். பிள்ளைகளைக் கொண்டு ஏதாவது பதியச் செய்வதானால், அது ஆருக்குச் சொல்லும் என்பதையும் கேளுங்கள். துவக்கு இல்லாத காலத்திலும் கேளுங்கள்.

ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன் பாடம் பார்வையிடக் கதிரவெளிப் பக்கம் போனேன். அதுதான் என் கடைசிப் பயணம். சில குடும்பங்களுக்கு வளவு திரும்பக் கிடைத்திருந்தது. மனுவோடு கந்தோர் கந்தோராய் அலைந்தும் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொங்கிறீட் தூண் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். தயாளன் மாஸ்டர் வீட்டுக் கஜுத் தோட்டம் கம்பிக்கு உள்ளே நின்றது.

அவர் ஒன்பதாம் தரத்துக்குப் படிப்பித்தார். தலை நரைத்திருந்தது. வழிகாட்டியில் உள்ளபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பாடம் போனது. கடைசியில் மதிப்பீட்டு வினாவைக் கேட்டார்: "இப்பிரதேசத்தில் மனிதர் குடியேறாமைக்குக் காரணம் யாது?"

முன் வாங்கில் இருந்த பிள்ளை எழும்பினாள். "நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் இங்கு மனிதர் குடியேறவில்லை சேர்."

"சரி. இருங்க" என்றார்.

மணி அடித்தது. அந்தப் பிள்ளை வாளியை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு பின்னால் போனாள். யன்னலால் பார்த்தேன். கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்தார்கள். கஜு மரங்களுக்கு நடுவே ஒரு கட்டுக் கிணறு. பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான்.

"ஆருட கிணறு மாஸ்டர்?"

"எங்கட தோட்டத்துக்கு அடுத்த வளவு அவங்கட. அவள்ட அப்பா வெட்டினது. முகாமில செத்துப் போனவர்."

"மறுகா ஏன் அவளுக்குச் சரி எண்டு சொன்னீங்க?"

அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"சோதினையில வேறென்னத்த எழுதினாலும் பிழை எண்டு வெட்டுவாங்க மிஸ். அவளுக்குத்தானே புள்ளி போகும்."

பிள்ளை வாளியோடு வந்தாள். ஒரு குவளையைக் கழுவி நிரப்பி, "குடியுங்க மிஸ், வெயிலுக்க வந்தீங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். குளிர்ந்த தண்ணீர். ஒரு துளிகூட உப்புக் கரிக்கவில்லை.